தைலப் புட்டிக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல்

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் தைலக் கடைகளில் யூகலிப்டஸ் தைலமும் சிட்ரியோடோரா தைலமும் பெரும்பாலும் ஒரே அலமாரியில் நிற்கும். முதலாவது, மலையில் கற்பூர மரம் என்று சொல்லும் மரத்தின் இலையைக் காய்ச்சி எடுத்தது. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அது. இரண்டாவது, அதன் உறவுக்கார மரம் ஒன்றின் எலுமிச்சை மணமுள்ள இலையிலிருந்து வருவது. கொசுவுக்குப் பூசிக்கொள்வார்கள், தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விடுவார்கள். முதலாவதில் நிறைந்திருப்பது சினியோல். இரண்டாவதில் சிட்ரோனெல்லால். இரண்டின் மூலக்கூறிலும் உள்ள அணுக்களை எண்ணினால் கணக்கு ஒன்றாகவே வரும்: 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு எடையும் ஒன்றே, 154.

அப்படியானால் மணம் ஏன் வேறாக இருக்கிறது? சினியோல் புட்டியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. சிட்ரோனெல்லாலோ மூடி சரியாக இல்லாவிட்டால் காற்றுப் பட்டு மெல்ல அமிலமாக மாறத் தொடங்குகிறது. ஏன்? இரண்டு கேள்விக்கும் விடை அந்த ஒற்றை ஆக்சிஜனிடம் இருக்கிறது. சினியோலில் அது இரண்டு கார்பன்களுக்கு நடுவே பாலமாக நிற்கிறது. இந்த அமைப்புக்கு ஈதர் என்று பெயர். சிட்ரோனெல்லாலில் அது சங்கிலியின் கடைசிக் கார்பனுடன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருக்கிறது. அது ஆல்டிஹைடு. இப்படி ஒரு மூலக்கூறின் வேதிக் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக் கூட்டத்தையே வினைசெயல் தொகுதி என்கிறோம்.

பிளஸ் ஒன் மாணவர்கள் ஆல்கஹால், ஈதர், ஆல்டிஹைடு, கீட்டோன், கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர், அமீன் என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது உதவும். கரிம வேதியியல் புரிவதற்கு அதைவிட ஒரு கேள்வி அதிகம் உதவும் என்பது என் கட்சி: இந்த மூலக்கூறில் கொடுக்கக்கூடிய எலக்ட்ரான் இணை எங்கே இருக்கிறது, அது இப்போது சும்மா இருக்கிறதா, வேறு வேலையில் இருக்கிறதா?

கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்

கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள மூலக்கூறு சோம்பேறி. பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையை எலக்ட்ரான் கவர்தன்மை என்பார்கள். பாலிங் அளவுகோலில் கார்பனுக்கு 2.5, ஹைட்ரஜனுக்கு 2.1. ஏறக்குறைய சமபலம், எனவே இழுபறி இல்லை, சண்டையும் இல்லை. மெழுகு அமிலத்திலும் காரத்திலும் கரையாமல் கிடப்பது இதனால்தான். ஆக்சிஜனின் மதிப்பு 3.5. நைட்ரஜனுக்கு 3.0. இவற்றில் ஒன்று கார்பனோடு சேர்ந்த உடனே எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் சாய்கிறது. ஆக்சிஜன் பக்கம் செழிப்பு, பக்கத்துக் கார்பனில் பற்றாக்குறை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள். நான்கையும் பிணைப்புகளில் செலவழித்துவிடும். நைட்ரஜனுக்கு 5, மூன்று பிணைப்பு போக 2 மிச்சம். ஆக்சிஜனுக்கு 6, இரண்டு பிணைப்பு போக 4 மிச்சம். இந்த மிச்சம் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும். அதுதான் தனித்த எலக்ட்ரான் இணை. எந்தப் பிணைப்பிலும் சேராமல் கையிருப்பாக இருப்பதால், பற்றாக்குறையில் உள்ள இன்னோர் அணு அருகில் வந்தால் அந்த இணையைப் பொதுவில் வைத்துப் புதிய பிணைப்பை உண்டாக்கலாம்.

இப்படி இணையைத் தருவதைக் கருக்கவர் பொருள் என்றும், பெற்றுக்கொள்வதை எலக்ட்ரான் கவர் பொருள் என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. இந்தப் பாகுபாட்டைக் கரிம வேதியியலில் நிலைநிறுத்தியவர் கிறிஸ்டோபர் இங்கோல்ட், 1930களில். இணையைத் தருவது காரம், பெறுவது அமிலம் என்ற பரந்த பார்வையை ஜி. என். லூயிஸ் 1923லேயே சொல்லியிருந்தார். தனித்த இணை இருந்தால்தான் தர முடியும் என்பதில்லை. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்களையும் (அந்த இரட்டையில் தளர்வாக இருக்கும் இணை) தரலாம். ஹைட்ராக்சைடு, சயனைடு போன்ற எதிர்மின் அயனிகள் இன்னும் தாராளமாகத் தரும்.

வினைவழியை வளைந்த அம்புக்குறியால் வரையும்போது, அம்பு எலக்ட்ரான் இணையில் தொடங்கி, பற்றாக்குறையான அணுவில் முடிய வேண்டும். மாணவர்களின் விடைத்தாளில் அம்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனியிலிருந்து கிளம்பி ஆக்சிஜனைக் குத்தும். ஹைட்ரஜன் அயனியிடம் ஓர் எலக்ட்ரான்கூடக் கிடையாது. அது எதைக் கொடுக்கப் போகிறது?

ஈதருக்குத் திரும்புவோம். சினியோலின் ஆக்சிஜனில் இரண்டு தனித்த இணைகள் உண்டு. இருந்தும் அது அடக்கமான பொருள். அதன் பக்கத்துக் கார்பன்களில் பற்றாக்குறை சிறிதளவே. வெளியேறத் தயாராக உள்ள தொகுதியும் இல்லை. அதற்காக அந்த இணைகள் வீண் என்று நினைக்க வேண்டாம். தைலத்தில் சினியோல் எவ்வளவு என்று அளக்க ஒரு பழைய முறை இருக்கிறது. தைலத்தோடு ஆர்த்தோ கிரெசால் என்ற பொருளைச் சேர்த்து உருக்கி, ஆறவைத்து, எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று பார்ப்பார்கள். கிரெசாலின் ஹைட்ராக்சில் தொகுதியில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) உள்ள ஹைட்ரஜனைச் சினியோலின் ஆக்சிஜன் தன் தனித்த இணையால் பிடித்துக்கொள்ள, இரண்டும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து படிகமாகின்றன. சினியோல் கூடக் கூட உறைநிலை உயரும். சுத்தமான சினியோலில் சுமார் 55 டிகிரி செல்சியஸ். மருந்துத் தரமுள்ள யூகலிப்டஸ் தைலத்தில் குறைந்தது 70 விழுக்காடு சினியோல் வேண்டும் என்பது நியதி. அதைத் தீர்மானித்துத் தந்தது, சும்மா இருந்த ஓர் எலக்ட்ரான் இணை.

ஆல்டிஹைடில் கதை மாறுகிறது. அங்கே ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பால் இழுப்பதால் கார்பனில் கடும் பற்றாக்குறை. கருக்கவர் பொருள் எது வந்தாலும் அந்தக் கார்பனைத்தான் தேடிப்போகும். சோடியம் பைசல்பைட்டின் நிறைந்த கரைசலோடு சிட்ரியோடோரா தைலத்தைக் குலுக்கினால் வெள்ளைத் திடப்பொருள் உண்டாகும். சல்பரின் தனித்த இணை ஆல்டிஹைடு கார்பனில் போய்ச் சேர்ந்ததன் விளைவு அது. யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலை எவ்வளவு குலுக்கினாலும் இது நடக்காது.

விண்டர்கிரீன்: ஒரே மூலக்கூறில் மூன்று பாடம்

அதே கடையில் மூட்டு வலிக்கு விற்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறக்குறைய முழுவதும் ஒரே பொருளால் ஆனது: மெத்தில் சாலிசிலேட். நீலகிரிச் சோலைகளின் ஓரத்திலும் சாலையோரச் சரிவுகளிலும் வளரும் கால்தீரியா புதரின் இலையிலிருந்து எடுப்பது. இலையைக் கசக்கினால் வலித் தைல மணம் வரும். காய்ச்சும்போது ஒரு வேடிக்கை உண்டு. யூகலிப்டஸ் தைலம் தண்ணீரின் மேல் மிதக்கும். விண்டர்கிரீன் அடியில் போய்த் தங்கும். அதன் அடர்த்தி சுமார் 1.17. எனவே வடித்த நீரின் மேல் தேடிப் பயனில்லை, அடியிலிருந்துதான் இறக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இது வெளிப்பூச்சுக்கு மட்டும். ஒரு தேக்கரண்டி தைலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது; ஒரு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மெத்தில் சாலிசிலேட்டில் ஆறு கார்பன் கொண்ட ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதற்கு அடுத்த கார்பனில் ஓர் எஸ்டர் தொகுதி: இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனும், ஒற்றைப் பிணைப்பில் மெத்தாக்சி தொகுதியும் (மெத்தில் ஏறிய ஆக்சிஜன்) கொண்ட கார்பன். கல்லூரி ஆய்வகத்தில் இதைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு சேர்க்கும் பயிற்சி வழக்கமானது. சேர்த்த உடனே குடுவையில் வெள்ளையாக ஏதோ திரண்டுவிடும். வினை முடிந்துவிட்டது என்று அடுப்பை அணைக்கப் போகும் மாணவர் எப்போதும் ஒருவர் இருப்பார். முடியவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. வளையத்தோடு இணைந்த ஹைட்ராக்சில், அதாவது ஃபீனால் தொகுதி, லேசான அமிலம். ஹைட்ராக்சைடு அயனி தன் எலக்ட்ரான் இணையால் அதன் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது. கிடைக்கும் சோடியம் உப்புதான் அந்த வெள்ளை. இது கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது.

பிறகு அரை மணி நேரம் போலக் கொதிக்க வைக்கும்போது வெள்ளை மறைந்து கரைசல் தெளியும். இப்போது அதே ஹைட்ராக்சைடு, எஸ்டரின் பற்றாக்குறைக் கார்பனைத் தாக்குகிறது. இணையைத் தந்து அங்கே ஒட்டிக்கொள்ள, மெத்தாக்சி தொகுதி கழன்று மெத்தனாலாகப் போய்விடுகிறது. ஆறவைத்து அமிலம் ஊற்றினால் சாலிசிலிக் அமிலம் வெண்படிகமாக இறங்கும். உருகுநிலை சுமார் 159 டிகிரி. கவனியுங்கள்: முதல் தடவை ஹைட்ராக்சைடு காரமாக நடந்துகொண்டது, இரண்டாம் தடவை கருக்கவர் பொருளாக. கொடுத்தது ஒரே வகை இணைதான். ஹைட்ரஜனுக்குக் கொடுத்தால் காரம் என்கிறோம், கார்பனுக்குக் கொடுத்தால் கருக்கவர் பொருள் என்கிறோம். ஹைட்ரஜனைப் பறிப்பது எளிது, கார்பனைத் தாக்குவது மெதுவான வேலை. குடுவையில் பார்த்த கால வித்தியாசம் அதுவே.

மூன்றாவது பாடம் வளையத்தில் இருக்கிறது. ஃபீனால் ஆக்சிஜனின் ஓர் இணை சும்மா இருப்பதில்லை. பென்சீன் வளையத்துக்குள் பரவுகிறது. உடனிசைவு என்பது இதுதான். அந்த இணை வளையத்தின் எல்லா இடத்துக்கும் சமமாகப் போவதில்லை. ஹைட்ராக்சிலுக்கு அடுத்த ஆர்த்தோ இடங்களும், நேரெதிரே உள்ள பாரா இடமும் மட்டும் செழிக்கின்றன. ஆகவே வளையத்தைத் தாக்க வரும் எலக்ட்ரான் கவர் பொருள் அங்கேதான் இறங்கும். வெறும் பென்சீன் புரோமின் நீரைக் கண்டுகொள்ளாது. ஃபீனாலோ வினையூக்கியே இல்லாமல் உடனே மூன்று புரோமினை ஏற்று வெள்ளையாக வீழ்படியும். எஸ்டர் தொகுதி இதற்கு நேர்மாறு. அது வளையத்திலிருந்து எலக்ட்ரானை இழுத்து ஆர்த்தோ, பாரா இடங்களை வறளவைக்கும்; வருபவரை ஆர்த்தோவுக்கும் பாராவுக்கும் நடுவே உள்ள மெட்டா இடத்துக்குத் தள்ளும். மெத்தில் சாலிசிலேட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் இருப்பதால், ஹைட்ராக்சிலின் பாரா இடம் எஸ்டருக்கு மெட்டா இடமாகிவிடுகிறது. இருவரும் ஒரே இடத்தைக் காட்டுகிறார்கள். நைட்ரோ ஏற்றம் செய்தால் நைட்ரோ தொகுதி பெரும்பாலும் அங்கேயே போய்ச் சேர்கிறது.

அமீன், ஹைட்ராக்சில், மெத்தாக்சி ஆகியவை வளையத்துக்குத் தாராளமாகத் தருபவை. மெத்தில் கொஞ்சம் தரும். நைட்ரோ, சயனோ, கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) இழுப்பவை. ஹாலஜன்கள் இரண்டுங்கெட்டான்: வளையத்தை மந்தமாக்கும், ஆனால் ஆர்த்தோ பாராவையே காட்டும்.

கொடுத்து இழப்பது வேறு

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கருக்கவர் பொருள் எலக்ட்ரான் இணையைத் தருகிறது என்றால், அதை இழக்கிறது என்று பொருளில்லை. புதிய பிணைப்பில் இருவருக்கும் பங்கு உண்டு. எலக்ட்ரானை முழுதாகக் கைகழுவுவது வேறு வகை. அது ஒடுக்கும் பொருளின் வேலை. ஊட்டியில் இயங்கிவந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த கறுப்பு வெள்ளை ஃபிலிம்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளியாக மாற்ற இருட்டறையில் பயன்படும் ஹைட்ரோகுவினோன், தன் இரண்டு எலக்ட்ரான்களை வெள்ளி அயனிகளுக்குக் கொடுத்துவிட்டுக் குவினோனாக மாறிவிடும். அதோடு அதன் கணக்கு முடிந்தது.

தேயிலையில் இந்த இரண்டு வகையும் அடுத்தடுத்து நடக்கின்றன. குன்னூர், கோத்தகிரி தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிப் பரப்பியதும் பச்சை மாறித் தாமிர நிறம் ஏறுகிறது. நொதித்தல் என்று சொன்னாலும் அது ஆக்சிஜனேற்றமே. இலையில் உள்ள கேட்டெச்சின்கள் என்ற சேர்மங்களில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் கொண்ட வளையம் இருக்கிறது. ஒரு நொதியின் துணையோடு அது எலக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் இழந்து குவினோனாகிறது. குவினோன் பற்றாக்குறையான மூலக்கூறு. உடனே பக்கத்தில் உள்ள வேறொரு கேட்டெச்சினின் செழிப்பான வளையம் கருக்கவர் பொருளாக வந்து அதில் ஒட்டுகிறது. இப்படி இணைந்து பிறப்பதே தியாஃபிளேவின். கோப்பையில் நாம் பார்க்கும் பொன்சிவப்பு.

நைட்ரஜனை எண்ணினால் போதாது

தேயிலையில் இருப்பது கஃபீன். சின்கோனா மரப்பட்டையில் இருப்பது குயினைன். 1860களில் ஆங்கில அரசு சின்கோனாவை நீலகிரிக்குக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. பட்டையின் தரத்தை ஆராய ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை 1866இல் நியமித்தது. மலேரியாவுக்கு அன்று வேறு நல்ல மருந்து இல்லை. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பஸ் நடுவட்டத்தைத் தாண்டித்தான் போகிறது. அங்கே குயினைன் தொழிற்சாலையும் நடந்தது.

கஃபீனில் நான்கு நைட்ரஜன்கள். குயினைனில் இரண்டு. நைட்ரஜன் ஆக்சிஜனைவிடக் குறைவாக இழுப்பதால், தன் தனித்த இணையைத் தாராளமாகத் தரும். அப்படியானால் நான்கு நைட்ரஜன் உள்ள கஃபீன் வலிமையான காரமாக இருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் அது காரம் என்று சொல்லவே தகுதியில்லாத அளவுக்குப் பலவீனம். அதன் மூன்று நைட்ரஜன்களின் இணைகள் பக்கத்துக் கார்பனைல் தொகுதிகளுக்கும் வளையத்துக்கும் பங்கிடப்பட்டுவிட்டன, வேலையில் இருக்கின்றன. நான்காவது நைட்ரஜனின் இணை பங்கிடப்படாவிட்டாலும், அணுவோடு ஒட்டிய இறுக்கமான இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் இழுப்பவர்கள் வேறு. ஹைட்ரஜன் அயனியை எதுவும் சரியாகப் பிடிப்பதில்லை.

குயினைன் இதற்கு எதிர். 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் கொண்ட இந்த மூலக்கூறில் ஓர் ஆல்கஹால், ஒரு மெத்தாக்சி, ஓர் இரட்டைப் பிணைப்பு எல்லாம் உண்டு. ஆனால் வேலைக்காரர்கள் இரண்டு நைட்ரஜன்களே. ஒன்று குயினோலின் எனும் தட்டையான இரட்டை வளையத்தில் இருக்கிறது. மற்றொன்று குயினுக்லிடின் எனும் கூண்டின் முனையில், மூன்று கார்பன் கைகளும் பின்னால் கட்டப்பட்ட நிலையில், தன் இணையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. முதலாவதன் காரத்தன்மை மதிப்பு சுமார் 4, இரண்டாவதற்குச் சுமார் 8.5. இது பத்தின் அடுக்கில் செல்லும் அளவுகோல், ஓர் எண் கூடினால் வலிமை பத்து மடங்காகும். ஆகவே கூண்டு நைட்ரஜன் பல்லாயிரம் மடங்கு வலிமையான காரம்.

பட்டையிலிருந்து மருந்தைப் பிரிப்பதே இந்த இணையை நம்பித்தான். பட்டைத் தூளில் உள்ள அமிலங்களோடு குயினைன் உப்பாகக் கட்டுண்டிருக்கும். சுண்ணாம்பு சேர்த்தால் உப்பு உடைந்து குயினைன் விடுபடும். அதை எண்ணெய் போன்ற கரைப்பானில் இழுத்து, பின் நீர்த்த கந்தக அமிலத்தோடு கலக்கினால், கூண்டு நைட்ரஜன் தன் இணையை ஹைட்ரஜன் அயனிக்குத் தந்து மீண்டும் உப்பாகி நீருக்குள் இறங்கும். அமிலத்தை அளவாகச் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்தால், இரண்டு குயினைனுக்கு ஒரு கந்தக அமிலம் என்ற கணக்கில் உண்டாகும் குயினைன் சல்பேட் குளிர்ந்த நீரில் அதிகம் கரையாது. பட்டுபோன்ற ஊசிப் படிகமாகப் பிரிந்துவிடும். அமிலத்தை இன்னும் கூட்டினால் குயினோலின் நைட்ரஜனும் வேறு வழியின்றித் தன் இணையைத் தரும், படிகம் கரையும், அந்தக் கரைசல் வெயிலில் நீலமாக ஒளிரும். 1845இல் ஜான் ஹெர்ஷல் இதைக் கவனித்து எழுதினார். புற ஊதா விளக்கின் கீழ் டானிக் வாட்டர் புட்டியை வைத்தால் இன்றும் பார்க்கலாம்.

கூண்டு நைட்ரஜனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. டிரைஎத்தில் அமீன் என்ற சாதாரண அமீனின் கைகள் இப்படியும் அப்படியும் அசைந்து தன் இணையின் வழியைத் தாமே மறைத்துக்கொள்ளும். குயினுக்லிடினில் அந்தத் தடை இல்லை. காரத்தன்மையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தும், கார்பனைத் தாக்கும் வேகத்தில் குயினுக்லிடின் பல மடங்கு முந்தும். அமெரிக்க வேதியியலாளர் பாரி ஷார்ப்லெஸ், இரட்டைப் பிணைப்பின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் மட்டும் இரண்டு ஹைட்ராக்சில்களைச் சேர்க்கும் முறையை உருவாக்கியபோது, ஆஸ்மியம் அணுவைப் பிடித்து வழிநடத்த அவர் பயன்படுத்தியது சின்கோனா ஆல்கலாய்டுகளிலிருந்து (குயினைன் போன்ற தாவரக் காரங்கள்) செய்த சேர்மங்களையே. ஆஸ்மியத்துக்கு இணையைத் தருவது இதே கூண்டு நைட்ரஜன். சமச்சீரற்ற ஆக்சிஜனேற்ற வினைகளுக்காக 2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.